பிரதானியார் வாசலில் பாவு

முன்னொரு காலத்தில், ராஜாவுக்கு ஒரு ஆசை பிறந்தால் குடிகளுக்கு மூட்டை கட்டும் வேலை பிறந்துவிடும். அப்படி ஒரு நாட்டு ராஜா, பல்லக்கில் நெசவாளர் தெரு வழியே போனார். சாய்ந்து கிடந்த கூரைகளைப் பார்த்ததும் மனம் இளகி, "தெருவையே ஓட்டு வீடுகளாகப் புதிதாகக் கட்டுங்கள்" என்று உத்தரவிட்டார். நல்ல ஆசைதான். பிரதானி திருமேனியாரிடம் ஒப்படைத்தாரே, அதுதான் வினை.

பிரதானியார் படம் வரைந்து கொண்டுவந்தார். அதில் வீடுகள் ஓரமாக நெருக்கியடித்து நின்றன. தெரு நடுவிலிருந்த திடலில் அவர் மருமகனுக்கு ஒரு மாளிகை முளைத்திருந்தது.

"சும்மா கிடக்கிற மண்தானே, மகாராஜா" என்றார்.

விகடகவி கூத்தையன் எழுந்தான். "குடியிருப்பவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே, மகாராஜா."

அவனைக் கண்டாலே பிரதானியாருக்கு வயிறு எரியும். "தாராளமாகக் கேட்கட்டும். திடல் வேண்டும் என்பார்கள். அதற்கு ஈடான இடத்தை ஊருக்குள் மூன்று நாளில் இவனே தேடிக் கொடுக்கட்டும். தெருவாரில் ஒருவர் குறை சொன்னாலும் இவன் நாட்டைவிட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. "கூத்தையா, ஊருக்குள் எந்த இடமானாலும் எடுத்துக்கொள். இது என் ஆணை."

கூத்தையன் நேரே நெசவாளர் தெருவுக்குப் போனான். நெய்வதற்கு முன் நூலை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். அதற்குப் பாவு என்று பெயர். கஞ்சிக் கையோடு வந்தாள் செங்கமலம்.

"திடல் இல்லாட்டி பாவ எங்கய்யா நீட்டுறது? அறுபது முழம் வேணும். வெயில் வேணும், காத்து வேணும், குறுக்க ஒரு மரம் கூடாது. பாவு இல்லாட்டி தறி ஓடாது, அடுப்பு எரியாது. கூரைமேல போடப்போற ஓட்டையா எடுத்துத் திங்கச் சொல்றாரு பிரதானி?"

கூத்தையன் அறுபது முழத்தை மனதில் குறித்துக்கொண்டான். ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் ஊரையே அளந்தான்.

மூன்றாம் நாள் காலை. சபைக்குப் புறப்பட்ட பிரதானியாரின் பல்லக்கு, வாசலிலேயே நின்றுவிட்டது. அவர் வீட்டு முன்வீதியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பாவு. ஒன்றல்ல, மூன்று. அந்த நாட்டில் பாவைத் தாண்டுவது பெரும் பாவம், ராஜாவானாலும் தாண்டக்கூடாது. பின்வாசல் வழியாகப் போகலாமே என்றால், திருட்டுப் பயத்தில் அதைப் போன வருஷம்தான் செங்கல் வைத்து அடைத்திருந்தார்.

"அறுத்தெறியுங்களடா!" என்று கத்தினார்.

"அறுங்க சாமி" என்றாள் செங்கமலம். "திருவிழாவுக்கு மகாராஜா உடுத்தப்போற பட்டு இது."

பல்லக்குத் தூக்கிகள் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

சபையில் காத்திருந்து அலுத்த ராஜா, நடந்தே வந்து சேர்ந்தார். "என்ன பிரதானியாரே, சபைக்கு வரவில்லை?"

"வழியில்லை மகாராஜா! இவர்களை அவர்களுடைய திடலுக்கே போகச் சொல்லுங்கள்!"

"அது சும்மா கிடக்கிற மண் என்றீரே?"

"ஐயோ, இல்லை மகாராஜா! இவர்களுக்கு அது இல்லாமல் முடியாது! மாளிகையும் வேண்டாம், மருமகனும் வேண்டாம்!"

கூத்தையன் கைகூப்பினான். "ஆணைப்படி இடம் பார்த்துவிட்டேன், மகாராஜா. வெயிலும் காற்றும் தாராளம். தெருவார் ஒருவரும் குறை சொல்லவில்லை. குறை சொல்பவர் பிரதானியார் மட்டுமே. அவர் அந்தத் தெருக்காரர் அல்லவே."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் தோள்வளையைக் கழற்றிக் கூத்தையன் கையில் மாட்டினார். "திடல் அப்படியே இருக்கட்டும். வீடுகள் அதைச் சுற்றி எழும்பட்டும். எப்படி என்று இவர்களே சொல்லட்டும்" என்று வீதியிலேயே உட்கார்ந்துவிட்டார். செங்கமலம் சுண்ணாம்பால் தரையில் கோடு போட்டாள். "கிணறு இங்க", "வாசல் கிழக்க பாத்து" என்று தெருவே கூடி நின்று பேசியது. ஜனங்களுக்கு அன்று வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

"மகாராஜா, என் வழி?" என்று உள்ளிருந்து ஒரு குரல் கெஞ்சியது.

"கொஞ்சம் பொறுங்க சாமி" என்றாள் செங்கமலம், கோட்டிலிருந்து தலை நிமிராமலே. "கஞ்சி இன்னும் காயல."