கூகையை விரட்டிய குளத்துப் பறவைகள்

குளக்கரைப் பனையில் ஒரு கூகை ஆந்தை குடியிருந்தது. பனைக்குச் சற்றுத் தள்ளி, கூழாங்கற்களுக்கு நடுவே ஓர் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டைகள் இட்டிருந்தது.

பகலில் கூகை தலைகாட்டினால் போதும், பறவைகளெல்லாம் சூழ்ந்துகொண்டு கத்தும். அது பரம்பரை வழக்கம். யாரைக் கண்டாலும் ஊரைக் கூட்டும் ஆள்காட்டிதான் அதற்குத் தலைவி.

"அபசகுன மூஞ்சியே, போய்த் தொலை!" என்று ஒருநாள் ஆள்காட்டி கத்தியது.

"போகிறேன். இனி எலிகளை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்!" என்று சொல்லிவிட்டுக் கூகை அக்கரைக்குப் பறந்தது.

பத்தே நாளில் எலிகளுக்குக் குளிர்விட்டுப் போயிற்று. கரையெங்கும் வளை தோண்டின. ஆள்காட்டியின் முட்டைகளில் இரண்டைத் தின்றுவிட்டன.

கூகையைத் திரும்ப அழைக்கலாம்தான். கௌரவம் என்னாவது? பறவைகள் ஊருக்குள் போய்ப் பூனையைக் கூட்டிவந்தன.

"எலி மட்டும்தான், தெரிந்ததா?" என்றது ஆள்காட்டி.

"சத்தியமாக! நான் பால் குடித்து வளர்ந்த பிள்ளை!" என்றது பூனை.

எலி இருந்தவரை பூனை சொன்ன சொல் தவறவில்லை. மிச்ச முட்டைகள் இரண்டும் பொரிந்தன. எலி தீர்ந்த மறுநாள் ஒரு குஞ்சைக் காணோம்! பூனையின் மீசையில் சின்னத் தூவி ஒட்டியிருந்தது.

"சத்தியம் செய்தாயே, பாவி!"

"எலி இல்லையென்றால் நான் பட்டினியா கிடப்பது?" என்று பூனை நியாயம் பேசியது.

ஆள்காட்டிக்கு அழ நேரமில்லை. இன்னொரு குஞ்சு புல்லுக்குள் பதுங்கிக் கிடந்தது. பூனை அந்தப் பக்கம்தான் மோப்பம் பிடித்தது.

சட்டென்று ஆள்காட்டி அடிபட்டதுபோல் ஒரு சிறகைத் தரையில் இழுத்தபடி நொண்டியது. பூனைக்கு நாக்கில் நீர் ஊறியது. கரை தாண்டி, வரப்பு தாண்டி, ஆட்டுக்கிடை வரை பின்னாலேயே ஓடியது. அங்கே இரண்டு காவல் நாய்கள்! ஆள்காட்டி ஜிவ்வென்று மேலே பறந்தது. பூனை அதன்பின் குளத்துப் பக்கம் வரவேயில்லை.

பூனை போனதும் வயல்பக்கத்து எலிகள் கரையை எட்டிப் பார்த்தன. ஆள்காட்டி அக்கரைக்குப் பறந்தது.

"அண்ணே, திரும்பி வந்துவிடுங்கள்! என் வாயால்தான் என் பிள்ளைகள் போயின!"

"வந்தால் மறுபடி கத்துவீர்களே?"

"கத்துகிறவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்!"

கூகை வந்தது. மறுநாள் காலை மைனாக்கள் வழக்கம்போலக் கத்தக் கூடின. ஆள்காட்டி பாய்ந்து விரட்டியது. பிறகு குஞ்சை இறக்கைக்குள் அணைத்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து முதன்முறையாக வாயை மூடிக்கொண்டு பனைக்கடியில் உட்கார்ந்தது.

ஒழுங்காகக் காவல் காத்தவரின் முகம் பிடிக்கவில்லையென்று அவரை விரட்டுகிறவர், தாம் காக்க நினைத்ததையே முதலில் இழப்பார்.