மலைப்பாம்பு வாங்கிய ஒப்புதல்

மூங்கில் காட்டின் ஏரிக்கரையில் விலங்குகளுக்கென்று ஓர் ஆராய்ச்சிக் கல்லூரி இருந்தது. அந்த ஆண்டு இரண்டு பேர் புதிதாக ஆய்வு மாணவர்களாகச் சேர்ந்தார்கள். ஒருவன் நெளியன் என்ற மலைப்பாம்பு. இன்னொருவன் மொந்தை என்ற கரடி.

முதல் வாரம் முழுவதும் அறிமுகப் பயிற்சி. நூலகம் எந்தப் பாறைக்குப் பின்னால் இருக்கிறது, எந்தத் துறையில் தண்ணீர் குடிக்கலாம், யாரைக் கண்டால் வணக்கம் சொல்ல வேண்டும், யாரைக் கண்டால் ஓட வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். கடைசி நாள் ஆய்வு நெறிமுறைப் பயிற்சி. நடத்தியவர் முள்ளம்பன்றி அம்மையார். காலையில் பேச ஆரம்பித்தவர் வெயில் சாயும்வரை நிறுத்தவில்லை.

நெளியன் கண் இமைக்காமல் கேட்டான். மலைப்பாம்புக்கு இமையே கிடையாது என்பது வேறு விஷயம். மொந்தை இரண்டாவது விதியிலேயே தூங்கிவிட்டான்.

பிறகு தேர்வு வைத்தார்கள். நாற்பது கேள்விகள். நெளியன் நாற்பதும் சரியாக எழுதினான். மொந்தைக்கு மூன்றுதான் சரி. ‘ஒப்புதல் என்றால் என்ன?’ என்ற கேள்விக்கு அவன், ‘கேட்டுவிட்டு எடுப்பது’ என்று எழுதியிருந்தான். சரியான விடை பதினொரு வரி நீளும் என்பதால் அம்மையார் அதை அடித்துவிட்டார். தேர்ச்சி பெறும்வரை எந்த ஆய்வும் செய்யக்கூடாது, கரையில் சும்மா உட்கார்ந்திரு என்று அவனிடம் சொல்லிவிட்டார்கள். அவனும் உட்கார்ந்திருந்தான்.

நெளியன் தன் ஆய்வுத் தலைப்பைச் சமர்ப்பித்தான். ‘விழுங்கப்பட்ட எலியின் உடற்சூடு எவ்வளவு நேரம் நிலைக்கும்?’ நெறிமுறைக் குழு அன்றைக்கே அனுமதி கொடுத்தது. ஒரே ஒரு திருத்தம்தான் கேட்டார்கள். ‘விழுங்கப்பட்ட’ என்பது காதுக்குக் கடுமையாக இருக்கிறது, ‘உள்வாங்கப்பட்ட’ என்று மாற்றிவிடு என்றார்கள். மாற்றிவிட்டான்.

அப்போது நான்கு நாளாக மழை. வளையாள் என்ற எலியின் பொந்தில் வெள்ளம் புகுந்துவிட்டது. மூன்று குட்டிகளையும் ஒரு மரப்பொந்தில் விட்டுவிட்டு, உலர்ந்த இடம் தேடி நடுங்கிக்கொண்டே வந்தாள். எதிரே நெளியன், வாலில் ஒரு கட்டு இலையைச் சுற்றிக்கொண்டு நின்றான்.

ஓட வேண்டாம், தான் ஆராய்ச்சி மாணவன், பயிற்சி முடித்தவன் என்று அவன் மிகவும் பணிவாகச் சொன்னான். ஒப்புதல் படிவம் இருபத்திரண்டு இலை. ஒரு வரி விடாமல் படித்துக்காட்டினான். ஐந்தாம் இலையில், பங்கேற்பாளர் சிறிது நேரம் ஆய்வாளரின் வயிற்றுப் பகுதியில் இருக்க வேண்டும் என்றிருந்தது. குளிருக்கு இதமாக அவன் வயிற்றோரம் சாய்ந்து படுக்கச் சொல்கிறான் என்று வளையாள் நினைத்துக்கொண்டாள். ‘உட்பகுதி’ என்ற சொல் பத்தொன்பதாம் இலையில்தான் வந்தது. அதற்குள் அவளுக்குக் கண் சொருகிவிட்டது.

புரிந்ததா என்று மூன்று முறை கேட்க வேண்டும் என்பது விதி. அவனும் மூன்று முறை கேட்டான். இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவனிடம் புரியவில்லை என்று சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. மூன்று முறையும் தலையாட்டிவிட்டு, சேற்றில் காலை நனைத்து இலையில் பதித்தாள்.

பங்கேற்பாளருக்குத் தேவையற்ற துன்பம் தரக்கூடாது என்று பன்னிரண்டாம் விதி சொல்கிறது. அதனால் நெளியன் அவளைச் சுற்றி நெரிக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு மெதுவாக விழுங்கினான்.

சிறிது நேரத்தில் வயிற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“ஐயா, நான் வளையாள். நான் விலகிக்கொள்கிறேன்!”

பங்கேற்பாளர் எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே விலகலாம் என்று எட்டாம் இலையில் இருந்தது. படிவத்தில் அவள் மனதில் நின்றது அது ஒன்றுதான்.

நெளியனுக்கு உண்மையிலேயே சந்தோஷம். தன்னிடம் வந்தவள் தன் உரிமையைத் தெரிந்து வைத்திருக்கிறாளே. ஆனால் விலகுவதை எழுத்தில் கொடுத்து, கால்தடம் பதிக்க வேண்டும். உள்ளே இலை இல்லை. இலை ஒன்றை விழுங்கி அனுப்பலாம் என்றால் சூட்டின் அளவு கெட்டுப்போகும். எனவே முறைப்படி என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தான். நெறிமுறைக் குழுவிடம் போனான்.

குழு கூடியது. தலைவர் ஆமை வந்து சேரவே வெகுநேரம் ஆனது. வந்ததும் முந்தைய கூட்டத்தின் முடிவுகளைப் படித்து ஒப்புக்கொண்டார்கள். பிறகு மயில் ஓர் ஐயம் எழுப்பியது. குரல் நெளியனின் வாய் வழியாகத்தானே வருகிறது, அப்படியானால் விலகுவது எலியா, நெளியனா? அதற்கு முள்ளம்பன்றி அம்மையார், பங்கேற்பாளரின் பெயரை இரகசியமாக வைக்க வேண்டும் என்று நினைவூட்டினார். உள்ளிருந்து “நான் வளையாள், நான் வளையாள்” என்று வந்த குரலை உடனே குறிப்பிலிருந்து நீக்கினார்கள். துணைக்குழு ஒன்று உள்ளே போய் நேரில் விசாரிக்கலாம் என்றார் ஆமை. துணைக்குழுவில் சேர யாரும் முன்வரவில்லை.

குரல் மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டிருந்தது.

இதற்குள் எலிக்குட்டிகள் மூன்றும் மழையில் அம்மாவைத் தேடிக் கரைக்கு வந்துவிட்டன. அங்கே மொந்தை உட்கார்ந்திருந்தான். எங்கள் அம்மாவைப் பார்த்தீர்களா மாமா என்று கேட்டன. மொந்தை அவற்றை முதுகில் ஏற்றிக்கொண்டு தேடிப் புறப்பட்டான். கூட்டம் நடக்கும் இடத்தில் அந்த மெல்லிய குரல் கேட்டதும் குட்டிகள் கீச்சிட்டன.

மொந்தை நெளியனின் அருகில் போனான்.

“உள்ளே இருக்கிறவள் வெளியே வர வேண்டும் என்கிறாள். உன் காதில் விழுகிறதா?”

“விழுகிறது. அதைத்தான் பரிசீலிக்கிறார்கள்.”

மொந்தை நெளியனின் வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, புளியங்கிளையை உலுக்குவது போல இரண்டு உலுக்கு உலுக்கினான். வளையாள் ஈரத்தோடு ஆமையின் முன்னால் வந்து விழுந்தாள்.

குழு அன்றைக்கு ஒருமனதாக எடுத்த முடிவு ஒன்றுதான். பிறர் ஆய்வில் அனுமதியின்றித் தலையிட்ட மொந்தை, பயிற்சி முழுவதையும் மீண்டும் முதலிலிருந்து கேட்க வேண்டும். மொந்தை சரி என்றான்.

நெளியன் தொண்டை வலியோடு எழுந்தான். ஆய்வு முடிந்ததும் பங்கேற்பாளரின் அனுபவத்தைக் கேட்டு எழுத வேண்டும். உள்ளே எப்படி இருந்தது என்று வளையாளிடம் கேட்டான்.

“இருட்டாக இருந்தது. மூச்சு முட்டியது. பிள்ளைகள் மழையில் நனைவார்களே என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்” என்றாள் அவள்.

எழுத இலையை எடுத்தான். மூச்சு முட்டுவதற்கும் பிள்ளைகளுக்கும் அதில் கட்டம் இல்லை. இலையைப் புரட்டி மறுபக்கமும் தேடினான்; அங்கேயும் இல்லை.  அவன் எழுதிய நாற்பது விடைகளிலும் அவற்றுக்கு இடம் இருந்ததில்லை.

இலைக்கட்டைக் கீழே வைத்தான். குட்டிகள் நடுங்குவதைப் பார்த்தான். வேறு எப்படிக் கேட்பது என்று தெரியாமல், “நான் ஏதாவது உதவட்டுமா?” என்றான்.

“வேண்டாம். தள்ளிப் போ” என்றாள் வளையாள்.

எழுதிக் கொடு என்று அவன் கேட்கவில்லை. கால்தடமும் கேட்கவில்லை. சத்தமில்லாமல் தள்ளிப் போனான்.

விதி எத்தனை தெரிந்திருந்தாலும், இன்னோர் உயிர் வேண்டாம் என்றதும் அந்தக் கணமே நிறுத்தத் தெரிந்தவனே அறம் கற்றவன்.