கனடாச் செடிக்குக் கடல்பாசித் தண்ணி

சந்தியாகு அன்று காலையில் பொய் சொல்லக் கிளம்பவில்லை. உண்மையைச் சொல்லத்தான் கிளம்பினான். அதற்காகச் சட்டைக்கு இஸ்திரிகூடப் போட்டிருந்தான்.

போன வாரம் அவன் அம்மா சுகந்தியைப் பெண் கேட்டுப் போயிருந்தாள். சுகந்திக்குத் தாய் தகப்பன் இல்லை. வளர்த்த பெரியம்மா அமலோற்பவம் சொல்வதுதான் அந்த வீட்டில் சட்டம். அவள் வந்தவளுக்குக் காபி கொடுத்து, டம்ளரையும் வாங்கி வைத்துவிட்டு, "கனடாவுல கஞ்சா வளக்குறவனுக்கு எம்புள்ளையக் குடுக்க மாட்டேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

சுகந்திக்குச் சம்மதம். போனில் மூன்று வருஷமாகச் சம்மதம். ஆனால் அவன் லீவில் மிச்சம் இருபத்தாறு நாள். கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து, ஊரில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் தாலி. இந்த ஞாயிறு முதல் ஓலை விழாவிட்டால் அவன் தனியாகத்தான் விமானம் ஏற வேண்டும்.

பாசி காயப் போடும் கரையில் பெண்கள் அப்போதுதான் கடலை விட்டு ஏறியிருந்தார்கள். நீந்துவதற்குக் காலில் கட்டிய தகடுகளையும் முங்குவதற்கு மாட்டிய கண்ணாடிகளையும் கழற்றி வைத்துவிட்டு, கட்டக்கோரைப் பாசியையும் பக்கோடாப் பாசியையும் மணலில் பரப்பிக்கொண்டிருந்தார்கள். சுகந்தி தலையை நிமிர்த்தவில்லை. பரப்பிய பாசியையே மறுபடியும் பரப்பினாள்.

"அத்தை, ஒரு விசயம் சொல்லணும்."

"அத்தையா? இன்னும் ஆகல" என்றாள் அமலோற்பவம். "சொல்லு."

சந்தியாகு உண்மையைச் சொன்னான். "அங்க அது சட்டப்படி. அரசாங்கமே லைசென்ஸ் குடுத்திருக்கு. கண்ணாடி வீட்டுக்குள்ளதான் வளக்குறோம். ஒவ்வொரு செடிக்கும் நம்பர் இருக்கு. எனக்கு உரம் கலக்குற வேலை. அந்த உரமும் வேற ஒண்ணுமில்ல, நீங்க அரிக்கிற மாதிரிக் கடல்பாசியோட சாறுதான். ஒரு லிட்டர் தண்ணிக்கு ரெண்டு மில்லி. வேருக்கு ஊத்துவோம், இலைக்குத் தெளிப்போம். வெயிலு, குளிரு எல்லாத்தையும் செடி தாங்கும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரோணிக்கம் வெற்றிலையைத் துப்பினாள். ஊரில் யார் என்ன சொன்னாலும் அதில் ஓட்டை தேடுவது அவள் உத்தியோகம்.

"செடிக்கு நம்பராம்டி! எங்க வீட்டுக்கே நம்பர் இல்ல. அரசாங்கமே கஞ்சா போடச் சொல்லுதாம்ல. ஏப்பா, பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேணாமா?"

எல்லாரும் சிரித்தார்கள். சந்தியாகுவுக்கு முகம் வியர்த்தது. கையில் இருந்த உண்மை அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொட்டும் இல்லை.

"நம்பலேன்னா போங்க மதினி. மொத நாள் அந்த டப்பாவ நான் திறந்தப்ப, நீங்க கடல்லேர்ந்து ஏறி வந்து பக்கத்துல நிக்கிற மாதிரியே ஒரு வாடை. 'வாங்க மதினி'ன்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன்."

இப்போது சிரித்த சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. இரண்டு பெண்கள் பாசியை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அமலோற்பவத்தின் கைகூட ஒரு நொடி நின்றது. அவ்வளவுதான். சந்தியாகுவின் வாய் அவனைக் கேட்காமல் முன்னால் நடக்கத் தொடங்கியது.

"அந்தத் திடுக்குல ரெண்டு மில்லிக்கு மேல ஒரு சொட்டு விழுந்துருச்சு. ஒரே சொட்டு. கழுத்துல கிடந்த கார்டக் கிளையில மாட்டிட்டு உள்ளயே ஒரு மூலையில டீ குடிக்கப் போனேன். வந்து பாத்தா கார்டு ஏணி வச்சாலும் எட்டாத உசரத்துல ஆடுது. கார்டு இல்லாமக் கதவு திறக்காது. மூணு நாள் உள்ளயே கிடந்தேன்."

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணே?" என்றாள் ரோணிக்கம், ஓட்டையைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில்.

"செடி பாத்துக்கிச்சு. கூரையப் பேத்துக்கிட்டுப் போயி, பக்கத்துத் தோட்டத்துல ஆப்பிள் பறிச்சு, கிளையக் குனிஞ்சு நீட்டுச்சு. ஒண்ணு அழுகலா இருந்துச்சு, வேணாம்னேன். மாத்திக் குடுத்துச்சு."

"ஆத்தாடி!"

"இலையப் பாக்கணுமே. கை விரல் மாதிரி ஏழு பிரிவு. ஒவ்வொண்ணும் நம்ம வத்தைப் படகுப் பாய் அகலம். பனி கொட்டுனா ஊரே அதுக்குக் கீழதான். பள்ளிக்கூடம் நாலு மாசம் அங்கதான் நடந்துச்சு. ஒரு இலை உதுந்துச்சுன்னா அன்னைக்கு லீவு."

ஒரு கைப்பிடி ஈரப் பாசி பறந்து வந்து அவன் முழங்காலில் விழுந்தது. சுகந்தி எறிந்தது. போதும் என்று அர்த்தம். அவனுக்குப் புரிந்தது. நாக்குக்குப் புரியவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றாள் ரோணிக்கம். "அதப் புடிச்சவன் கதி? போதையில கிடப்பான்ல? அதச் சொல்லு."

கேள்வி சரியான கேள்வி. அமலோற்பவமும் அதைத்தான் கேட்கக் காத்திருந்தாள் என்பது அவள் கண்ணில் தெரிந்தது.

"அதுதான் மதினி அதிசயம். நம்ம கடல் சாறு குடிச்ச செடிலேர்ந்து போதையே வரல. நீச்சல்தான் வந்துச்சு."

"என்னது?"

"நீச்சல். கடலையே பாக்காத பயலுக, ரெண்டு இழுப்பு இழுத்துட்டு நடுரோட்டுல குப்புற விழுந்து கையக் கால அடிக்கிறாய்ங்க. சும்மா இல்ல, நகர்றாய்ங்க! பஸ்ஸ முந்துறாய்ங்க! போலீசுக்காரவுக படகு எடுத்துக்கிட்டுல்ல ரோட்டுக்கு வந்தாக!"

ஒரு பெண் மணலில் சாய்ந்தே விட்டாள். சந்தியாகு எழுந்து நின்று கையை வீசினான்.

"வேரு இருக்கே வேரு, அது கடல் ருசி கண்டுருச்சு. நம்ம ஆத்தா வீடு எங்கன்னு தேடிக் கிளம்பிருச்சு. மலையக் குடைஞ்சு, பூமிக்கு அடியிலயே நீந்தி, போன ஐப்பசியில இந்தக் கரைக்கே வந்துருச்சு. ஏன் மதினி, ஐப்பசியில உங்க கால்ல என்னமோ சுத்துச்சுன்னு சொல்லல?"

"அது எம்பேரன் போட்ட நைலான் கயிறுடா."

"கயிறுன்னுதான் முதல்ல தோணும்."

"சரிப்பா. கடைசியில அந்தச் செடி என்ன ஆச்சு?"

"மேனேஜரா இருக்கு."

"எது, செடியா?" என்றாள் ரோணிக்கம்.

"குளிரு தாங்குது, லீவு கேக்கல, நேரத்துக்கு நிக்குது. கார்டும் அதுகிட்டதான இருக்கு? மேனேஜராக்கிட்டாங்க. இப்ப எனக்கு லீவு குடுத்ததே அதுதான். லீவு முடியிறதுக்குள்ள ஜோடியா வரலேன்னா மூஞ்சியில முழிக்காதேன்னு சொல்லிருச்சு."

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அமலோற்பவம் மட்டும் சிரிக்கவில்லை. சேலையைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"முங்கிச் சத்தியம் பண்ணுறியா?"

சிரிப்பு சட்டென்று நின்றது. அந்தக் கரைப் பெண்கள் கோர்ட்டுக்குப் போக மாட்டார்கள். ஒருத்தர் சொல்லில் சந்தேகம் வந்தால், சொன்னவர் இடுப்புத் தண்ணீரைத் தாண்டிப் போய் முங்க வேண்டும். கரையில் நூறு எண்ணும் வரை மேலே வரக் கூடாது. வரும்போது கையில் பாசி இருக்க வேண்டும். பொய்யனுக்கு மூச்சு நிற்காது என்பது அவர்கள் கணக்கு. சொன்னவரால் முடியாவிட்டால் அவர் வீட்டு ஆள் முங்கலாம்.

"எம் புருசன் சொன்னதுக்கு நான் மூணு தடவ முங்கியிருக்கேன்" என்றாள் ரோணிக்கம் பெருமையாக. "மூணும் பொய்யி. எம் மூச்சு நல்லா இருந்துச்சு, தப்பிச்சான்."

சந்தியாகு இஸ்திரிச் சட்டையைக் கழற்றினான். ஏழு வருஷம் கண்ணாடி வீட்டுக்குள் இருந்தவன். தண்ணீருக்குள் போய், நெஞ்சு வெடிக்கிற அளவுக்குக் காற்றை இழுத்துக்கொண்டு முங்கினான். முதுகு முங்கவே இல்லை. பதினேழு எண்ணுவதற்குள் தண்ணீரில் அமுக்கிவிட்ட தேங்காய் மாதிரி மேலே வந்தான். கையில் ஒரு ரப்பர் செருப்பு இருந்தது.

"அடேய், நெஞ்சு முழுக்கக் காத்த அடைச்சா முங்க முடியுமாடா? பாதிய விட்டுட்டுல்ல முங்கணும்! நீந்துற அந்தச் செடிக்காச்சும் நீ இதச் சொல்லிக் குடுத்தியா?" என்று கரையிலிருந்து ரோணிக்கம் கத்தினாள். "அது எஞ்செருப்பு. குடுத்துட்டுப் போ."

அமலோற்பவம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஞாயிறு போயிற்று என்று சந்தியாகுவுக்குத் தோன்றியது. அழுகையும் கடல் தண்ணீரும் ஒரே உப்பு என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அப்போதுதான் தகடு கட்டும் சத்தம் கேட்டது. சுகந்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, அவனைத் தாண்டித் தண்ணீருக்குள் நடந்தாள்.

"ஏய், நீ எங்கடி போற? வீட்டு ஆளுதான் முங்கலாம்!" என்றாள் ரோணிக்கம். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுகந்தி பாதி மூச்சை விட்டுவிட்டு முங்கினாள்.

ரோணிக்கம் எண்ணினாள். ஐம்பது. எண்பது. நூறு வந்தது, தலை வரவில்லை. நூற்றி இருபதில் அமலோற்பவம் கால் நனைத்தாள். நூற்றி நாற்பதில் இடுப்பு வரை போய்விட்டாள். சந்தியாகு அங்கேயே நின்றபடி, இனி ஆயுசுக்கும் இரண்டு மில்லிக்கு மேல் பேசுவதில்லை என்று அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டான்.

நூற்றி அறுபத்து மூன்றில் சுகந்தி மேலே வந்தாள். கையில் ஒரு கொத்துப் பக்கோடாப் பாசி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நிதானமாக மூச்சு வாங்கினாள்.

"ஏண்டி இவ்வளவு நேரம்?" பெரியம்மா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"தூரம்ல பெரியம்மா. அந்த வேரப் புடிச்சுக்கிட்டே கனடா வரைக்கும் போயிட்டு வந்தேன். இவுக சொன்னது பூரா நெசந்தான். செடி மட்டும் சொன்னதவிட ஒரு முழம் கூட இருக்கு. ஆனா தண்ணிக் குழாய மூடாம வந்திருக்காக. மூடிட்டு வந்தேன்."

மூடினோமா, இல்லையா என்று சந்தியாகு ஒரு கணம் நிஜமாகவே யோசித்தான்.

அமலோற்பவம் அந்தக் கொத்துப் பாசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு முந்தானையால் சுகந்தியின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"இனிமே இப்படிப் பாஸ்போர்ட் இல்லாமப் போகாதடி. ஞாயித்துக்கிழமை ஓலைக்குச் சொல்லிர்றேன். முறையாப் போ."