சரிவில் ஒரு கிணறு

எபனேசர் இருபது ஆண்டுகளாகக் கடலில் எண்ணெய் தேடியவர். அவர் காட்டிய இடங்களில் எல்லாம் உப்புத்தண்ணீரே வந்தது. கடைசியில், காரைக்காலுக்குக் கிழக்கே, ஒரு கிணற்றில் எண்ணெய் வந்தது.

அது எதுவரை பரவியிருக்கிறது என்று அறிய இரண்டாவது கிணறு தோண்ட வேண்டும். கடலடியில் ஒலியை அனுப்பி, திரும்பி வந்த எதிரொலியைக் கொண்டு எபனேசர் ஒரு படம் வரைந்திருந்தார். எண்ணெய்ப் பாறை கவிழ்த்த சட்டிபோல் இருந்தது. எதிரொலி சட்டியின் வடிவத்தைச் சொன்னது. உள்ளே எண்ணெய் எதுவரை, தண்ணீர் எதுவரை என்று சொல்லவில்லை. எபனேசர் சட்டி முழுவதற்கும் பச்சை தீட்டிவிட்டார்.

படத்தை, கிணறு தோண்டும் கப்பலுக்குத் தலைமை வகித்த தன் குரு மரகதவல்லியிடம் கொண்டுபோனார். குரு அவரைவிட எட்டு வயது இளையவர். அப்படி இருக்கக் கூடாது என்று சாத்திரம் எதுவும் சொல்வதாகத் தெரியவில்லை. சொன்னாலும் அந்தக் கப்பலில் அதைப் படித்தவர் இல்லை.

"எங்கே தோண்டலாம், எபனேசர்?"

"முதல் கிணற்றுக்குப் பக்கத்திலேயே, மேடம். உச்சியில்."

"எண்ணெய் வருமா?"

"சந்தேகமே இல்லை."

"அப்புறம் எதற்குத் தோண்டுவது?"

எபனேசர் படத்தை மறுபடி பார்த்தார்.

"சந்தேகம் எங்கே இருக்கிறது?"

அவருடைய விரல் தயங்கித் தயங்கிச் சரிவுக்கு வந்து நின்றது.

"அங்கே தோண்டுவோம்."

"தண்ணீர் வந்தால்? கப்பலில் எனக்கு என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும்."

"உப்புத்தண்ணி எபனேசர். நேற்று ரசம் நீர்த்துப்போனதற்கும் உங்களைத்தான் சொன்னார்கள்."

சரிவில் தோண்டினார்கள். எபனேசர் சொன்ன ஆழத்தில் அவர் சொன்ன பாறை வந்தது. அதில் மேலிருந்து கீழ்வரை தண்ணீர் இருந்தது.

எபனேசர் பச்சையை அழிக்க உட்கார்ந்தார். முதல் கிணற்றைச் சுற்றி உள்ளங்கை அளவு மிஞ்சியது.

"பாதிக்கு மேல் போய்விட்டது, மேடம். வாழ்நாளில் எனக்குக் கிடைத்தது இது ஒன்றுதான். உச்சியில் தோண்டியிருந்தால் முழுசாக இருந்திருக்கும்."

மரகதவல்லி கடலைக் காட்டினார்.

"அடியில் ஒரு சொட்டும் குறையவில்லை, எபனேசர். நேற்று எவ்வளவு இருந்ததோ, அவ்வளவுதான் இன்றைக்கும் இருக்கிறது."