கூழாங்கொம்பையில் கதிர் சாய்ந்த நாள்

கூழாங்கொம்பை என்று மலைமேல் ஒரு ஊர். அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு, சொன்ன சொல்லைத் தட்டவே மாட்டார்கள். அவர்களுக்கு வந்த வினையெல்லாம் அந்தக் குணத்தால் வந்ததுதான்.

அந்த ஊர் மலையாண்டிக்கு ஒரே மகள், பேர் பவளம். அவளை அடிவாரத்துப் பையன் கதிர்வேலுக்குப் பேசி வைத்திருந்தார்கள். கதிர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். பையனுடைய அப்பா மட்டும் ஒரு கொக்கி போட்டுவிட்டார்.

"மலைமேல கோதுமை விளையும்னு பெருமை பேசுறீங்களே. உங்க காட்டுல அறுத்த கோதுமையை நான் கண்ணால பார்க்கணும். அப்புறந்தான் தாலி."

மலையாண்டி அலறியடித்துக்கொண்டு விவசாய ஆபீசரிடம் ஓடினார். அந்த மனுசன் என்ன கண்டார், பாவம், நல்லபடியாகத்தான் சொல்லிக் கொடுத்தார்.

"குளிர் விழுந்ததும் விதைங்க. கதிர் வந்ததும் தண்ணி விடுங்க, முன்னே பின்னே விட்டுராதீங்க. கதிர் தலை சாஞ்சதும் அறுத்துருங்க. தாமதிச்சா மணியெல்லாம் உதிர்ந்துரும்."

ஊரே கம்பளியை விரித்துப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றது. விழுகிற குளிருக்கு அடிபட்டுவிடக் கூடாதே! விடிகிற நேரத்தில் பக்கத்து மரத்திலிருந்து பொத்தென்று ஒரு கமலா ஆரஞ்சு வந்து விழுந்தது. மலையாண்டியின் பக்கத்து வீட்டுக்காரர் சன்னாசி தொட்டுப் பார்த்தார்.

"சில்லுனு இருக்குப்பா. குளிர்தான்."

"குளிருக்குக் காம்பு உண்டா?" என்று கேட்டார் கூட நின்ற பேச்சிமுத்து.

"காம்பு இல்லாம இத்தனை நாள் மேல எப்படித் தொங்கும்?"

நியாயமான பேச்சு. அன்றைக்கே விதைத்துவிட்டார்கள். விதைத்தவன் முட்டாளா புத்திசாலியா என்று பயிர் பார்க்குமா? பனியையும் தூறலையும் குடித்து ஜோராக வளர்ந்தது.

அப்புறம் தூறல் நின்றது, மண் வெடித்தது. குட்டை நிறையத் தண்ணீர் கிடந்தது. ஆனால் ஒருத்தரும் மடையைத் தொடவில்லை.

"கதிர் எப்பப்பா வரும்?" என்றார் சன்னாசி.

"ஊரு மாப்பிள்ளைய்யா. வருவார்னு மரியாதையாச் சொல்லு," என்று மலையாண்டி அதட்டினார்.

பவளம் காட்டுக்குப் போய்ப் பார்த்தாள். பயிரெல்லாம் பச்சைப் பசேலென்று கதிர் தள்ளியிருந்தது, இலையோ சுருள ஆரம்பித்திருந்தது. ஓடி வந்தாள். ஆனால் கட்டிக்கப்போகிறவன் பேரை வாயால் சொல்லக் கூடாது என்பது அந்த மலையில் முறை.

"அப்பா, வந்துருச்சு! மடையைத் திறங்க!"

"எது வந்துருச்சு?"

"அதாம்ப்பா, கோதுமையில வருமே..."

"பூச்சியா?"

"அய்யோ! அவங்க பேருள்ளது!"

"மாப்பிள்ளை வந்துட்டாரா? எங்கம்மா?"

"காட்டுல!"

மலையாண்டி புதுத் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினார். காடு முழுக்கத் தேடியும் மாப்பிள்ளையைக் காணோம். திரும்பி வந்து, "சின்னப் பொண்ணு, ஆசையில உளறுது," என்றார். பவளம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பயிர் கருகினா என் கல்யாணமும் கருகிரும்ப்பா!" என்று ஓவென்று அழுதாள். மலையாண்டிக்கு மனசு கேட்கவில்லை. பேச்சிமுத்துவையும் சன்னாசியையும் கூட்டிக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்கினார். கஞ்சி குடித்துக்கொண்டிருந்த கதிரை மூன்று பேருமாக அப்படியே தூக்கிக்கொண்டு மலையேறி, காட்டு நடுவில் நிறுத்தினார்கள்.

"கதிர் வந்தாச்சு! மடையைத் திறங்கடா!"

தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது. பயிர் பிழைத்தது. மாப்பிள்ளைக்கு ஜலதோஷம் பிடித்தது. வரப்பில் நின்று பவளம் சிரித்த சிரிப்பைப் பார்த்தானோ இல்லையோ, அவனும் பிழைத்தான்! கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

கோதுமை முற்றிப் பழுத்துத் தலை கவிழ்ந்தது. குருவிகள் சாப்பாட்டுக்கு வர ஆரம்பித்தன. யாரும் அறுக்கவில்லை. எல்லாரும் இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டு, பரிசம் போட மாப்பிள்ளை வரட்டும் என்று காத்திருந்தார்கள்.

அந்த நாளும் வந்தது. காட்டு ஓரத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். கதிர் அப்பாவோடு வந்து விறைப்பாக உட்கார்ந்தான். ஊரே அவன் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மலையாண்டி மாலையை எடுத்தார். மரியாதை தெரிந்த பிள்ளை, தலையைச் சாய்த்தான்.

"சாஞ்சிருச்சு! எடுங்கப்பா அரிவாளை!"

கதிர் ஒரே தாவாகத் தாவி, கோதுமைக்குள் புகுந்து ஒளிந்துகொண்டான்.

"பயிருக்குள்ள எப்படித் தேடுறது?"

"அறுத்துக்கிட்டே போய்த்தான் தேடணும்."

அறுத்தார்கள். பொழுது சாய்வதற்குள் காடு மொட்டையானது. கட்டுக் கட்டாகக் கிடந்த கோதுமையைப் பார்த்து சம்பந்தி வாயைப் பிளந்தார்.

"அடேயப்பா, என்ன வெள்ளாமை! நாளைக்கே தாலி கட்டிரலாம்!"

நடுவில் ஒரே ஒரு கொத்து மட்டும் மிச்சம். அதற்குள் கதிர், குனிந்தால் ஆபத்து என்று கழுத்தை நீட்டி நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தான். சன்னாசி அரிவாளை ஓங்கிக்கொண்டு கேட்டார்:

"அண்ணே, இதையும் அறுத்துரவா?"

மலையாண்டி மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார்.

"வேண்டாம்ப்பா. நல்லா வாட்டசாட்டமா இருக்கு. விதைக்கு விட்டுரு."