ஒண்டிமுத்துவின் வைஸ்

குரு என்றால் மரத்தடியும் தாடியும் வேண்டும் என்று எழுதி வைத்தவர்கள் யாரும் கோவையில் கணபதிப் பக்கம் வந்ததில்லை. அங்கே ஒரு தகரக் கொட்டகைதான் குருவின் இடம். குருவின் பெயர் குணவதி.

பெஞ்ச் வைஸ் என்பது பட்டறை மேசையில் பொருத்தியிருக்கும் பிடிப்பான். இரண்டு இரும்புத் தாடைகள், அவற்றை நெருக்குவதற்கு ஒரு திருகு, அந்தத் திருகு ஏறி நிற்பதற்கு உள்ளே ஒரு நட்டு. அவ்வளவுதான். அது பிடிக்காவிட்டால் எந்த மில்லும் ஓடாது. பழைய வைஸ்களைப் பழுது பார்ப்பதும், எது நல்ல வார்ப்பு, எது ஏமாற்று என்று தரம் சொல்வதும் குணவதியின் தொழில். முன்பு ஒரு தனியார் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவுக்கு ஆசிரியராக இருந்தவர். பயிற்சி என்ற பெயரில் மாணவர்களைக் கூலியில்லாமல் கம்பெனிகளுக்கு அனுப்புவதை ஏன் என்று கேட்டார். கேட்டவருக்கு வேலை போயிற்று. டீச்சர் என்ற பெயர் மட்டும் கூடவே வந்தது.

அவருடைய சீடர் ஆறுக்குட்டி அவரைவிட வயதில் மூத்தவர். ஃபவுண்டரியில் இரும்பு வார்த்துக்கொண்டிருந்தவர். ஃபவுண்டரியை மூடியதும், தலை நரைத்த பிறகு, இந்தத் தொழிலைக் கற்க வந்தார். அவர் குணவதியை டீச்சர் என்பார். குணவதி அவரை அண்ணா என்பார்.

ஒரு நாள் ஆறுக்குட்டிக்குப் பெரிய வேலை ஒன்று வந்தது.

நகரத்தின் கிழக்கே ஒரு நூல் மில் இருந்தது. ஒரு காலையில் ஷிஃப்டுக்குப் போனவர்கள் கேட்டில் பூட்டைப் பார்த்தார்கள். இப்போது அந்த இடத்தில் ஓட்டல் எழும்பியிருக்கிறது. கட்டியவன் மில் முதலாளியின் பேரன். ஓட்டலின் முன்கூடத்தில் பழைய மில் சாமான்களை அலங்காரமாக வைக்க அவனுக்கு ஆசை. நூல் சுற்றும் பாபின்கள், ஷிஃப்டு மணி, ஒர்க் ஷாப்பில் துருப்பிடித்துக் கிடந்த வைஸ்கள். மேலே பித்தளைப் பலகையில் 'உழைப்புக்கு எங்கள் வணக்கம்' என்று எழுதச் சொல்லியிருந்தான். உழைத்தவர்கள் செத்துப்போய்விடவில்லை. அதே ஊரில் காய்கறி வண்டி தள்ளிக்கொண்டும், ஏ.டி.எம். வாசலில் காவல் உட்கார்ந்துகொண்டும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் வீட்டுக்கும் அந்த வணக்கம் போகவில்லை.

வைஸ்களைப் புதுப்பிக்கும் வேலையை ஆறுக்குட்டியிடம் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் பட்டறையில் கொண்டுவந்து இறக்கியதும், முதலில் இருப்பதிலேயே பெரியதை அவர் எடுத்தார். அது கெட்டி வார்ப்பு, வெளிநாட்டுச் சரக்கு. ஆறுக்குட்டி குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் அதைத் துடைத்தார். பிரித்துப் பார்த்தால் உள்ளே நட்டின் மரை தேய்ந்து, பல் போன வாய்போல இருந்தது. திருகும் அப்படித்தான். லேத் பட்டறையில் கொடுத்து இரண்டையும் புதிதாகப் போட்டார். பழையவற்றைக் கழிவுக் குவியலில் எறிந்தார். குவியலைக் காயலான் கடைக்காரர் அள்ளிக்கொண்டு போனார். இந்நேரம் அது உருகி ஏதாவது ஒரு பம்ப் செட்டின் வயிறாகியிருக்கும்.

வேலை முடிந்ததும் கைப்பிடியை ஒற்றை விரலால் சுழற்றிக் காட்டினார். குணவதி பார்த்தார். நல்ல வேலை என்று சொன்னார். பிறகு வைஸைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்த்தார்.

மில் ஃபிட்டர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தன் கைக்கு வந்த வைஸின் அடியில், மேற்பார்வையாளன் கண்ணில் படாத இடத்தில், புள்ளி குத்தும் பஞ்ச் உளியால் தன் பெயரின் எழுத்தைக் குத்தி வைப்பார்கள். மில்லில் எதுவும் அவர்களுக்குச் சொந்தமில்லை. அந்த எழுத்து மட்டும் சொந்தம். இந்த வைஸின் அடியில் 'ஒ. மு.' என்று இருந்தது.

அது யாருடைய எழுத்து என்று ஆறுக்குட்டி பெருமையோடு நாலு பேரிடம் விசாரித்தார். செய்தி போகவேண்டிய இடத்துக்குப் போயிற்று. மறுவாரம் பஸ் பிடித்து ஒரு மனிதர் வந்தார். ஒண்டிமுத்து. வலது கையைத் துண்டுக்குள் வைத்திருந்தார். வணக்கம் சொல்ல வெளியே எடுத்தபோது, அந்தக் கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் இருந்தன.

"அந்த வைஸை நான் ஒருக்கா முறுக்கிப் பாக்கலாங்களா?" என்று கேட்டார்.

எதற்கு என்று ஆறுக்குட்டி கேட்டதற்கு அவர் நிதானமாகச் சொன்னார். மில்லில் மெஷினைச் சுழற்றும் கனமான ஷாஃப்டு ஒன்றை அந்த வைஸில் பிடித்து வேலை செய்துகொண்டிருந்தார். ஷாஃப்டு நழுவியது. விரல்கள் போயின. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது விசாரணை நடந்தது. நிர்வாகம் ஒரு வைஸைக் காட்டி, எல்லோர் முன்னாலும் முறுக்கியது. அது கச்சிதமாகப் பிடித்தது. இது வேறு வைஸ், அடியில் எழுத்து இருக்கிறதா பாருங்கள் என்று சங்கம் கேட்டது. மேசையிலிருந்து கழற்ற மாட்டோம் என்றார்கள். தொழிலாளி சரியாக முறுக்கவில்லை, அவருடைய அஜாக்கிரதைதான் காரணம் என்று முடித்து வெளியே அனுப்பினார்கள். நிஜ வைஸ் ஸ்டோர் ரூமுக்குள் போனது. அறை பூட்டப்பட்டது.

அதையெல்லாம் அவர் கோபமில்லாமல்தான் சொன்னார். அடுத்ததைச் சொல்லும்போதுதான் குரல் இறங்கியது. ஊர் அதை நம்பியது. வீடும் நம்பியது. சோற்றைப் போட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் முறுக்கியிருக்கக் கூடாதா என்று மனைவி கேட்பாராம். கேட்டுக் கேட்டு, முறுக்கினேனா இல்லையா என்று அவருக்கே தெரியாமல் போய்விட்டது.

"எவன் என்ன சொன்னாலும் அது கெடக்குதுங்க. எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

ஆறுக்குட்டிக்கு அப்போதுதான் தான் மாற்றிப் போட்ட நட்டு நினைவுக்கு வந்தது. அவர் வாய் திறப்பதற்குள் ஒண்டிமுத்து ஓர் இரும்புத் தண்டை எடுத்துத் தாடைக்கு நடுவில் வைத்து, இடது கையால் முறுக்கினார். பிறகு தண்டில் தன் உடம்பின் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினார். வைஸ் அசையவில்லை. இன்னொரு முறை தொங்கினார். அசையவில்லை.

தண்டைக் கழற்றி இருந்த இடத்தில் வைத்தார்.

"நல்லாத்தானுங்க புடிக்குது," என்றார். "அப்ப நாந்தான்."

ஆறுக்குட்டி பதறிப் போய் எல்லாவற்றையும் சொன்னார். நட்டு தேய்ந்திருந்தது, திருகு தேய்ந்திருந்தது, நான்தான் மாற்றினேன் என்றார். ஒண்டிமுத்து கேட்டுக்கொண்டார். பழைய நட்டைப் பார்க்கலாமா என்றார். இல்லை. திருகு? அதுவும் இல்லை.

ஒண்டிமுத்து சிரித்தார்.

"நீங்க நல்ல மனுசனுங்க. என்ர சம்சாரமும் கடைசிக் காலத்துல, நீங்க முறுக்கித்தான் வச்சிருப்பீங்கன்னு சொல்லிட்டுத்தான் போனா. நல்ல வார்த்தைக்கு எனக்குக் கொறவே இல்லீங்க."

அவர் துண்டைச் சரி செய்துகொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

ஆறுக்குட்டி குணவதியிடம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது.

"உண்மையைத்தான் சொன்னேன் டீச்சர். ஏன் நம்ப மாட்டேங்கறார்?"

குணவதி எழுந்தார். பழுதுக்கு வந்து தரையில் கிடந்த ஒரு வைஸைத் தூக்கி மேசையில் பொருத்தினார். மரை தேய்ந்த வைஸ். அதில் ஒரு தண்டை வைத்து முறுக்கினார்.

"இழுத்துப் பாருங்கண்ணா."

ஆறுக்குட்டி கையால் இழுத்தார். வரவில்லை. ஆட்டினார். ஆடவில்லை. பிடிக்கிறது என்றார்.

குணவதி அந்தத் தண்டின் மேல் நீளமான பைப் ஒன்றைச் சொருகினார். பைப்பின் நுனியில் சாய்ந்தார். உள்ளே மடக்கென்று ஒரு சத்தம். தாடை விலகி, தண்டு தரையில் விழுந்து உருண்டது.

"பாரம் ஏறாத வரைக்கும் எந்த வைஸும் பிடிக்கும்," என்றார் குணவதி. "சொல்லும் அப்படித்தாங்கண்ணா."

ஆறுக்குட்டி தண்டைக் குனிந்து எடுத்தார்.

"ஓட்டல் திறப்பு விழா என்னைக்குங்கண்ணா?" என்று குணவதி கேட்டார்.

விழாவுக்கு ஆறுக்குட்டியை அழைத்திருந்தார்கள். உழைப்புக்கு வணக்கம் சொல்லும் ஓட்டலில் மேடையேற்ற ஒரு தொழிலாளி வேண்டுமல்லவா? குணவதிக்கு அழைப்பில்லை. ஒண்டிமுத்துவுக்கும் இல்லை. ஓட்டலுக்கு எதிர்ச்சாரியில் ஒரு டீக்கடை இருந்தது. குணவதி ஒண்டிமுத்துவை வரச்சொல்லி, இருவரும் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். விழாவின் பெருமை தெருவுக்கும் கேட்கட்டும் என்று கேட்டில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள்.

மேடையில், பளபளக்கும் வைஸுக்குப் பக்கத்தில், பேரன் நின்று பேசினான். தாத்தா தொழிலாளர்களைப் பிள்ளைகளாக நினைத்தார் என்றான். பிள்ளைகளை யாரும் கேட்டுக்கு வெளியே வைத்துப் பூட்டுவதில்லை என்று அங்கே சொல்ல ஆளில்லை. தாத்தாவின் மில்லில் பழுதான ஒரு கருவிகூட வேலைக்கு வந்ததில்லை, இந்த வைஸைப் பாருங்கள், இன்றைக்கும் எப்படிப் பிடிக்கிறது என்றான். கை தட்டினார்கள்.

பிறகு ஆறுக்குட்டியைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கை வாங்கிக்கொண்டு வைஸின் பக்கம் திரும்பினார்.

"ஐயா சொன்னது தப்புங்க. இந்த வைஸ் எங்கிட்ட வந்தப்போ இதுல மரை இல்லை. முறுக்குனா இறுகுன மாதிரி இருக்கும், பாரம் ஏத்துனா நழுவும். ஒண்டிமுத்துங்கறவரோட விரலு இதுலதான் போச்சு. அவரு முறுக்காம விடலை. தேஞ்சுபோன நட்டை மாத்துனவன் நான். அதைக் காயலான் கடைக்குப் போட்ட முட்டாளும் நாந்தான். விசாரணையில காட்டுனது..."

மைக் அணைந்தது. நாதஸ்வரம் ஒலித்தது. எப்போதும் அதற்கென்று ஒரு நாதஸ்வரம் தயாராக இருக்கிறது.

ஆறுக்குட்டியை இரண்டு பேர் சமையலறை வழியாக வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்கள். பின்கேட்டில் ஒரு மேனேஜர், அவர் தோளிலிருந்த சால்வையை உருவி, மடித்து, கையில் வைத்துக்கொண்டான். மீதி வைஸ்களுக்கு நாளைக்கே வண்டி வரும், எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பிவிட வேண்டும் என்றான். ஊரில் எந்தக் கம்பெனியும் இனி உன்னை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்கிறோம் என்றும் சொன்னான்.

ஆறுக்குட்டி தெருவைச் சுற்றிக்கொண்டு டீக்கடைக்கு வந்தார். ஒண்டிமுத்து எழுந்து நின்றார். அவர் கண்கள் ஆறுக்குட்டியின் தோளைத்தான் பார்த்தன.

"சால்வை போத்துறோம்னு மைக்குல சொன்னாங்களே. எங்கீங்க?"

"புடுங்கிட்டாங்க."

"புடுங்கிட்டாங்களா?"

"ஆமாங்க. வைஸ் வேலையும் போச்சுங்க."

ஒண்டிமுத்து அந்த வெறும் தோளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெல்ல உட்கார்ந்தார். விரல்கள் இல்லாத கையைத் துண்டிலிருந்து எடுத்து, முழங்காலின் மேல், எல்லோரும் பார்க்கும்படி வைத்தார்.

"அப்ப நெசந்தானுங்க," என்றார்.

டீக்கடைக்காரருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. ஒண்டிமுத்து அவர் பக்கம் திரும்பி, "நான் முறுக்கித்தானுங்க வச்சிருந்தேன்," என்று சொன்னார். சரிங்க என்றார் டீக்கடைக்காரர், டீயை ஆற்றியபடி.

மறுநாள் வண்டி வந்து மீதி வைஸ்களை அள்ளிக்கொண்டு போயிற்று. பெரிய வைஸ் மட்டும் முன்கூடத்திலேயே இருந்தது. விருந்தினர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பித்தளைப் பலகையும் அப்படியே இருந்தது.

காலியான பட்டறையில் ஆறுக்குட்டி கழிவுக் குவியல் கிடந்த இடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். குணவதி ஒரு தாடைத் தகட்டை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரே ஒரு வருத்தந்தான் டீச்சர்," என்றார் ஆறுக்குட்டி. "அந்தப் பழைய நட்டை எறியாம வச்சிருந்தா, அத்தனை பேர் மூஞ்சிக்கு நேரா நீட்டியிருக்கலாம். நான் ஒண்ணும் பேசவே வேண்டியிருந்திருக்காது."

குணவதி அரத்தை நிறுத்தினார்.

"நட்டு இருந்திருந்தா, அதையும் துடைச்சு, எண்ணெய் போட்டு, அந்த ஓட்டல்லயே கண்ணாடிப் பெட்டியில வச்சிருப்பாங்கண்ணா," என்றார்.