மேளச் சத்தத்தில் போன ஏழாவது உறுதி

முன்னொரு காலத்தில் கருங்காலி நாட்டை கோதண்டவர்மர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் கோபம் மூக்குக்கு மேலே. காலையில் ஒருத்தனுக்கு யானையைப் பரிசாகக் கொடுப்பார். மத்தியானம் அவனையே நாடு கடத்துவார். சாயங்காலம், "எங்கே அவனைக் காணோம்?" என்று தேடுவார். இவரிடம் வேலை பார்த்தவர்கள் பாட்டை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வருஷா வருஷம் பட்டாபிஷேக நாளன்று, முதல் ராஜா எழுதிவைத்த உறுதிமொழி ஓலையைச் சபையில் வாசிப்பார்கள். மொத்தம் பன்னிரண்டு உறுதி. ஒவ்வொன்றுக்கும் ராஜா "சம்மதம்" சொன்னால்தான் அந்த வருஷத்துக்குக் கிரீடம். ஆனால் ஓலையைப் பிரித்ததுமே கெட்டிமேளம் கொட்ட ஆரம்பித்துவிடும். மங்கலமாம். வாசிக்கிறவர் வாய் அசைவதுதான் தெரியும். மேளம் நின்றால் ராஜா "சம்மதம்" என்பார், மறுபடியும் மேளம். எதற்குச் சம்மதம் என்று தெரியாமலே பதினோரு வருஷம் ஓட்டிவிட்டார் மனுஷன்.

வாசிக்கிறவரை விட்டால், தெரிந்த ஒரே ஆள் அஞ்சுகம். தவில்காரர் மகள். சின்ன வயசில் அப்பாவோடு வந்து, வாசிக்கிறவர் காலடியில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுப் பன்னிரண்டும் அவளுக்கு மனப்பாடம். வளர்ந்து பள்ளிக்கூடத்து ஆசிரியை ஆனதும், கூட்டல் கழித்தலோடு இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். "இது ராஜா நமக்குக் கொடுத்த வாக்கு. நமக்கே தெரியாவிட்டால் எப்படி?" என்பாள்.

வினை எங்கிருந்து வந்தது தெரியுமா? அரண்மனை அதிகாரி வீரகேசரியிடமிருந்து. தம் பல்லக்கு போகிற வழியில் வண்டியை நிறுத்திவிட்டான் என்று ஒரு குயவனைப் பிடித்துக் கட்டச் சொன்னார் அவர். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"ஐயா, ஏழாவது உறுதிப்படி அவரை முதலில் விசாரிக்கணும்" என்றாள் ஒரு சிறுமி. தெருவே சிரித்தது. வீரகேசரிக்கு முகம் கறுத்துப்போயிற்று.

குயவனை அப்படியே விட்டுவிட்டு நேரே ராஜாவிடம் போனார். "மகாராஜா, நீங்கள் ஏதோ வாக்குக் கொடுத்ததாக அந்த ஆசிரியை பிள்ளைகளைக் கெடுக்கிறாள். ராஜாவையே விதி கட்டுமாம்."

"நானாவது, வாக்காவது? பிடித்து உள்ளே போடுங்கள் அவளை."

ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. அஞ்சுகம் சிறைக்குப் போனாள், பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு விழுந்தது. நாட்டை விட்டே துரத்த வேண்டும் என்று வீரகேசரி தினமும் ராஜா காதில் ஓதினார். பட்டாபிஷேகம் முடிந்ததும் துரத்திவிடலாம் என்று ராஜாவும் சொல்லிவிட்டார்.

அமைச்சர் சாத்தப்பர் பழுத்த ஆள். கோபத்தில் இருக்கிற ராஜாவிடம் எதிர்த்துப் பேசமாட்டார். "துரத்த வேண்டியதுதான், மகாராஜா" என்றார். "ஆனால் ஊர் நம்ப வேண்டுமே. இந்தத் தடவை மேளத்தை மட்டும் நிறுத்திவிட்டு ஓலையை வாசிக்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகளையும் முன்வரிசையில் உட்கார வைப்போம். அவள் சொன்னது ஓலையில் இல்லை என்று அவர்களே காதால் கேட்கட்டும்."

"நானும் இதைத்தான் சொல்ல இருந்தேன்" என்று முந்திக்கொண்டார் வீரகேசரி. சாத்தப்பர் இதற்குள் ஓலையைப் பார்த்துவைத்திருந்தார்; இவருக்கு அதில் இருப்பது என்ன தெரியும், பாவம்! அப்புறம்தான் எடுத்துப் பார்த்தார். வியர்த்துவிட்டது. வாசிக்கிறவரை மிரட்டி, ஏழாவதை விழுங்கிவிடச் சொன்னார்.

பட்டாபிஷேக நாள் வந்தது. தவில்காரர்கள் குச்சியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சுகத்தின் அப்பா தலையே நிமிரவில்லை.

"பஞ்சம் வந்தால் என் களஞ்சியத்தை முதலில் திறப்பேன்."

"சம்மதம்" என்றார் ராஜா, கம்பீரமாக.

"பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க எவரையும் தடுக்க மாட்டேன்."

ராஜா புருவத்தை உயர்த்தினார். "ம், சம்மதம்."

"என்னைக் குறை சொல்கிறவரைத் தண்டிக்க மாட்டேன்."

ராஜாவுக்கு இருமல் வந்தது. இருமி முடித்து, மெதுவாக "சம்மதம்" என்றார். இப்படியே ஆறு முடிந்தது. வாசிக்கிறவர் எட்டாவதைத் தொடங்கினார்.

"ஏழு போச்சு" என்றார்கள் அறுபது பிள்ளைகளும் ஒரே குரலில்.

"என்ன ஏழு?" என்றார் ராஜா.

பல்லக்கின் முன்னால் பேசிய அதே சிறுமி எழுந்தாள். "குற்றம் என்னவென்று சொல்லி, அவர் தரப்பையும் கேட்காமல், எவரையும் சிறையில் அடைக்க மாட்டேன்."

ராஜா ஓலையை வாங்கித் தாமே பார்த்தார். இருந்தது. அந்த வரியில் வைத்த விரலை எடுக்க வெகுநேரம் ஆயிற்று.

"இதற்கா நான் சம்மதம் சொன்னேன்?"

"பதினோரு தடவை, மகாராஜா. நல்ல கணீர்க் குரலில்" என்றார் சாத்தப்பர்.

"அந்தப் பெண் உள்ளே போய் எத்தனை நாள்?"

"ஒன்பது."

"யாராவது விசாரித்தீர்களா?"

சாத்தப்பர் இல்லையென்று தலையசைத்தார். கிரீடத் தட்டு பக்கத்திலேயே காத்திருந்தது. "அவளை அழைத்து வாருங்கள். அதற்கப்புறம்தான் இதற்குச் சம்மதம் சொல்வேன்" என்றார் ராஜா.

அஞ்சுகம் வந்தாள். ஒன்பது நாளில் பாதியாய் இளைத்திருந்தாள். அவளைப் பார்த்ததும் ராஜாவுக்கே மனசு கேட்கவில்லை. சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்தார். "உன் தரப்பைச் சொல், அம்மா."

"நீங்கள் சொன்னதைத்தான் நான் பிள்ளைகளுக்குச் சொன்னேன், மகாராஜா."

"தப்பு என்னுடையது. சம்மதம்" என்றார் ராஜா. மீதி ஐந்துக்கும் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சம்மதம் சொன்னார். பள்ளிக்கூடத்துச் சாவியை அவள் கையிலேயே கொடுத்தார். தம் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பர் கழுத்தில் போட்டு, "இனி எல்லாம் வாசித்து முடிந்த பிறகுதான் மேளம்" என்றார்.

அப்புறம் வாசிக்கிறவர் பக்கம் திரும்பினார். "ஏழாவதை யார் விடச் சொன்னது?"

வாசிக்கிறவர் கை தானாக வீரகேசரியைக் காட்டியது. ராஜாவுக்குப் பழைய கோபம் தலைக்கேறிவிட்டது. "பிடித்துப் போடுங்கள் இவனை உள்ளே!" காவலர்கள் கையைக் கட்டியும் விட்டார்கள்.

"மகாராஜா" என்றாள் அஞ்சுகம். "ஏழு."

ராஜா திறந்த வாயை மூடினார். போய் உட்கார்ந்தார். கட்டை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, "ஓலையில் இருந்ததை மறைத்தீர், இதுதான் உம்மேல் குற்றம். உம் தரப்பைச் சொல்லும்" என்றார்.

வீரகேசரி அஞ்சுகத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். கண்ணீர்தான் வந்தது.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து, மகள் வந்த சந்தோஷத்தில் தவில்காரர் குச்சியை ஓங்கினார். ராஜா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரும் ஐயா. முதலில் அவர் பேசட்டும்."